புரையேறும் பால்

காலை ஐந்தரை மணிக்கு, பனி இன்னும் விலகாத ஓசூர்த் தெருமுனைகளில் ஆலைப் பேருந்துகள் வந்து நின்று, சீருடை அணிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு சிப்காட்டை நோக்கியும் கெலமங்கலம் சாலையை நோக்கியும் பிரிந்து சென்ற பிறகு, லைன் வீடுகளில் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் கைக்குழந்தைகளுமே. அத்தகைய வரிசை ஒன்றில், எனக்குப் பழக்கமான ஒரு வீட்டு வாசலில், அக்கம்பக்கத்தார் யாவரும் 'அவ்வா' என்றே அழைக்கும் மூதாட்டி ஒருவர், கால்கள் இரண்டையும் நீட்டி அமர்ந்து, நான்கு மாதம் நிறைந்த பேரனை அவற்றின்மேல் மல்லாத்திக் கிடத்தி, விடியுமுன் தாய் பீய்ச்சி வைத்துவிட்டுப் போன பாலைச் சங்கினால் புகட்டிக்கொண்டிருந்தார். குழந்தை பசியால் வீறிட்டு அழுதது. அழுகைக்காகத் திறந்த வாயின் நடுவே சங்கின் மூக்கு சாய்ந்தது. அடுத்த கணம் அழுகை அறுந்தது. முகம் சிவந்து, உதட்டோரம் நீலம் பாய்ந்து, சின்னஞ்சிறு கைகள் இரண்டும் விறைத்து விரிந்தன. அவ்வா பதறாமல் குழந்தையை நிமிர்த்தி, உச்சந்தலையில் இரண்டு முறை தட்டி, "யாரோ நெனைக்கிறாங்கடா கண்ணு, உங்கம்மாதான் நெனைக்கிறா" என்றார். ஓர் இருமல், ஒரு தும்மல், மூக்கின் வழியே சிறிது பால், பிறகு பழைய அழுகை.

அந்த அழுகை திரும்பி வரும்வரை கழிந்தது பத்து விநாடிக்கும் குறைவுதான். அந்தப் பத்து விநாடியில் ஒரு சிசுவின் தொண்டைக்குள் என்ன நேர்கிறது என்பதையும், அது நேராமலிருக்க யார் யார் என்னென்ன செய்யவேண்டும் என்பதையும், இவ்வூர்த் தாய்மாரும் பாட்டிமாரும் மட்டுமல்லாமல் இவ்வூர் ஆலைகளை நடத்துபவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

புரையேறுதல் என்ற சொல் எவ்வளவு நுட்பமாக அமைந்தது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. புரை என்றால் உள்துளை. உணவுக்குழலிற் செல்லவேண்டியது வேறொரு துளையில் ஏறிவிட்டது என்று, சரீர சாஸ்திரம் படித்தவர் வைத்த பெயரைப் போலவே நம் முன்னோர் பெயர் வைத்துவிட்டார்கள். எல்லைப்புறமாகிய ஓசூரில் இந்த ஒரு விஷயத்தை மூன்று பாஷைகளிற் கேட்கலாம். தெலுங்கு பேசும் வீட்டில் 'பொலமாரிந்தி' என்பார்கள். கன்னடம் பேசும் வீட்டில் 'நெத்திகெ ஹத்திது', அதாவது உச்சந்தலைக்கு ஏறிவிட்டது என்பார்கள். உச்சியில் தட்டும் வழக்கத்துக்கு அந்தக் கன்னடச் சொல்லே வியாக்கியானம் செய்வதுபோல் இருக்கிறது. பால் புகட்டும் பாத்திரத்துக்கும் அவ்வாறே மூன்று பெயர்கள் உண்டு: தமிழில் சங்கு அல்லது பாலாடை, தெலுங்கில் உக்குகின்னெ, கன்னடத்தில் ஒளலெ. பெயர்கள் வேறானாலும் மடியும் சங்கும் தட்டும் கையும் ஒன்றே. தொலைவில் இருப்பவர் நினைப்பதால்தான் புரையேறுகிறது என்ற நம்பிக்கையும் ஒன்றே. அந்த நம்பிக்கையின் அன்பை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆலையில் நின்றுகொண்டிருந்த அந்தத் தாய், பால் கட்டி மார்பு கனக்கும் அந்த வேளையில், தன் பிள்ளையை நினைத்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். ஆயினும் பால் வழிமாறியதற்குக் காரணம் அவள் நினைப்பு அன்று. அதற்குக் காரணம் கழுத்துக்குள் இருக்கிறது.

வளர்ந்த மனிதனின் தொண்டை ஒரு நாற்சந்தி. மூக்கின் வழியே பின்புறமாக இறங்கும் காற்று முன்னே இருக்கும் மூச்சுக்குழலுக்கும், வாயின் வழியே முன்புறமாக நுழையும் உணவு பின்னே இருக்கும் உணவுக்குழலுக்கும் சென்றாகவேண்டி இருப்பதால், இரண்டு பாதைகளும் ஓரிடத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டே தீரவேண்டும். நாம் விழுங்கும் ஒவ்வொரு பருக்கையும் மூச்சுக்குழலின் வாயைக் கடந்தே செல்லவேண்டியிருக்கும் இந்த விசித்திரமான ஏற்பாட்டை, 1859இல் வெளிவந்த உயிரினத் தோற்றம் பற்றிய தமது நூலில் சார்லஸ் டார்வினே எடுத்துச் சொல்லியிருக்கிறார். விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலெழுந்து, அதன் மூடி சாய்ந்து, குரல் நாண்கள் இறுகி, மூச்சு நின்று, பின் மறுபடி தொடங்குகிறது. நாள்தோறும் பல நூறு முறை நாம் அறியாமலே இது நடக்கிறது.

கைக்குழந்தையின் தொண்டை இதன் சிறிய நகல் அன்று, அமைப்பிலேயே வேறானது. வளர்ந்தவரின் குரல்வளை கழுத்தெலும்புகளில் 6ஆவது எலும்பின் மட்டத்தை ஒட்டி நிற்க, பிறந்த சிசுவின் குரல்வளை 3ஆவது, 4ஆவது எலும்புகளின் மட்டத்தில், ஏறக்குறைய நாக்கின் அடியிலேயே உயர்ந்து நிற்கிறது. அதன் மூடி மேலெழுந்து, உள்நாக்குக்கு முன்னுள்ள மெல்லண்ணத்தின் பின்புறத்தைத் தொட்டு, மூக்கிலிருந்து மூச்சுக்குழலுக்கு ஒரு தனிவழி போட்டுவிடுகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறந்துவிட்ட தென்பெண்ணை நீர் நடுவே கிடக்கும் பாறையைத் தொட்டு இரண்டாய்ப் பிரிந்து, அதன் இருபுறமும் ஓடி, அப்பால் மறுபடி ஒன்றாய்க் கூடுவதைப் பார்த்தவர்கள், தாயின் மார்பில் பால் குடிக்கும் குழந்தையின் தொண்டையையும் பார்த்தவர்களே. உயர்ந்து நிற்கும் குரல்வளை அந்தப் பாறை. பால் அதன் இருபக்கத்துக் கால்வாய்களில் வழிந்து, பின்னால் உள்ள உணவுக்குழலிற் சேர்கிறது. மத்திகிரிக் கால்நடைப் பண்ணையில் கன்று தாய்மடியை முட்டிக் குடிக்கும்போது அதன் தொண்டையிலும் இதே அமைப்புத்தான். கன்றுக்கு இது ஆயுள் முழுவதும் நிலைத்திருக்க, மனிதக் குழந்தைக்கோ சில மாதங்களே நிலைக்கிறது. பிறகு கழுத்து நீண்டு, குரல்வளை படிப்படியாய் இறங்கி, நாக்குக்குப் பின்னே ஓர் அறை உண்டாகிறது. மனிதன் இத்தனை ஒலிகளைப் பேசுவதற்கு அந்த அறையே இடம் தருகிறது என்று பிலிப் லீபர்மன் முதலிய மொழியறிஞர்கள் வாதித்தார்கள். அவர்கள் வாதம் முற்றும் சரியானால், பேச்சு என்ற பேற்றுக்கு மனித ஜாதி கொடுத்த விலைதான் புரையேறும் அபாயம் என்றாகிறது.

இந்தத் தனிவழி இருப்பதால் சிசு ஒரே சமயத்தில் குடிக்கவும் மூச்சுவிடவும் வல்லது என்று நெடுங்காலம் நூல்களில் எழுதிவந்தார்கள். ஓடும் எக்ஸ்ரே படங்களும் மூச்சைப் பதியும் கருவிகளும் வந்தபின் அது முழு உண்மையன்று என்று தெரிந்தது. ஒவ்வொரு மிடறுக்கும் குழந்தையின் மூச்சு அரை விநாடியளவு, சிலசமயம் அதற்கும் சற்று மேலாக, நின்றே போகிறது. ஆகவே அதன் பாதுகாப்பு இரண்டு தூண்களின்மேல் நிற்கிறது: ஒன்று உயர்ந்த குரல்வளை, மற்றொன்று தாளம். சப்புதல், விழுங்குதல், மூச்சு என்ற மூன்றும் ஏறத்தாழ விநாடிக்கு ஒரு சுற்றாக வந்து, பத்து இருபது சுற்றுகளுக்குப் பின் குழந்தை தானே சற்று நிறுத்தி, இளைப்பாறி, மறுபடி தொடங்குகிறது. கர்ப்பத்திலேயே பனிக்குட நீரை விழுங்கிப் பழகும் சிசுவுக்கு இத்தாளம் ஏறத்தாழ 34ஆவது வாரத்தில்தான் கைகூடுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மருத்துவர்கள் மூக்கில் குழாய் வைத்துப் பாலூட்டுவதைக் கண்டு பல தாய்மார் கலங்குகிறார்கள். அக்குழந்தை பலவீனத்தால் மாத்திரம் குடிக்காமலில்லை, தாளம் இன்னும் வாய்க்காததால் குடிக்கக்கூடாது என்று அவர்களுக்கு யாரேனும் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அளவையும் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழல் உள்விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர். இளநீர்க் கடையில் தரும் உறிஞ்சுகுழலைவிடவும் குறுகியது. அதன் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் துவாரத்தின் பரப்பு நாலில் ஒரு பங்காய்ச் சுருங்கி, சீராக ஓடும் காற்றுக்கு உண்டாகும் தடை 16 மடங்காய் உயர்ந்துவிடும். நமக்கு வெறும் தொண்டைக் கட்டாகப் போய்விடும் சளி அதற்கு ஏன் மூச்சுத் திணறலாகிறது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

இன்னொன்றை நான் முதன்முதலாக ஒரு குழந்தை மருத்துவரிடம் கேட்டபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் குரல்வளையில் ஒரு துளி நீர் பட்டால் உடனே பலமாக இருமுகிறோம். சில வாரங்களே ஆன சிசுவோ, பலசமயம் இருமுவதற்குப் பதிலாக விழுங்கிவிட்டு மூச்சை நிறுத்திக்கொள்கிறது, நாடித்துடிப்பும் தாழ்கிறது. கர்ப்பத்தில் நீருக்குள் கிடந்தபோது நுரையீரலைக் காத்த அநிச்சைச் செயல் அது. வெளியே வந்தபிறகு இருமல் கற்றுக்கொள்ளும்வரை அதுவே நீடிக்கிறது. ஆகவே பெரியவர்களுக்குப் புரையேறினால் ஊரே கேட்கும். சிசுவுக்குப் புரையேறினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காமற் போகலாம். இருமுகிற குழந்தையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், குடிக்கும்போதே சத்தமின்றி உதடு நீலமாகி உடல் தளர்கிற குழந்தையைப் பார்த்துப் பதின்மடங்கு பயப்பட வேண்டும்.

இப்போது அவ்வாவின் வாசலுக்குத் திரும்பி வருவோம். அழும் குழந்தை வாயைத் திறந்து நெடுமூச்சு வாங்குகிறது. குரல்வளை கீழே இறங்கி, மெல்லண்ணத்தோடு அதற்கிருந்த தொடர்பு அறுந்து, பாறை நீருக்குள் மூழ்கிய நிலை உண்டாகிறது. தாளம் என்பதே அங்கில்லை. கழுத்தும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. இத்தனையும் கூடிய தருணத்தில், அடுத்த மூச்சு உள்ளே இழுக்கப்படும் அந்தக் கணத்தில், சங்கிலிருந்து பால் சரிகிறது. இதில் சங்கின் குற்றம் ஏதுமில்லை. இன்றைக்கும் நம் நாட்டுப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில், மார்பில் சப்பிக் குடிக்க வலுவில்லாத குறைமாதக் குழந்தைக்குப் பாட்டிலைத் தள்ளிவிட்டுப் பாலாடையையே கையில் எடுக்கிறார்கள். கொதிநீரில் எளிதாகச் சுத்தம் செய்யலாம் என்பதும் அதற்கொரு காரணம். வேற்றுமையெல்லாம் பிடிக்கும் முறையில்தான். அங்கே செவிலியர் விழித்திருக்கும் குழந்தையை, அழுகை தணிந்த குழந்தையை, மடியில் பாதி உட்கார்த்திய நிலையில் தாங்கி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் தொடவைத்து, குழந்தை நாக்கை நீட்டி நக்கி எடுக்கும்வரை காத்திருக்கிறார், ஊற்றுவதில்லை. நம் வீடுகளில் ஊற்றுகிறோம். கைவிட வேண்டியது இந்த ஒரு வழக்கத்தைத்தான்.

பாட்டில் இதைவிட மோசம். மார்பில் குழந்தை சப்பினால் பால் வருகிறது, நிறுத்தினால் பெரும்பாலும் தானும் தணிகிறது. பாட்டிலில் குழந்தை நிறுத்தினாலும் துளை பெரிதாயிருந்தால் பூமியின் ஈர்ப்பு நிறுத்துவதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்து, ஒற்றை அறைகளில் குடியிருக்கும் இளங்குடும்பங்களில், பாட்டிமாரும் கிடையாது. ஏழெட்டு வயது அக்காள்தான் தம்பிக்குப் பால் கொடுக்கிறாள், அல்லது பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகிறாள். பால்புட்டிகளுக்கும் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளுக்கும் விளம்பரம் செய்வதையே தடைசெய்யும் சட்டம் 1992இல் இந்நாட்டில் இயற்றப்பட்டது. விளம்பரம் நின்றதே தவிர, பாட்டிலை நாடவேண்டிய நிர்ப்பந்தம் நிற்கவில்லை. படுத்தபடி குடிக்கும் குழந்தைக்குக் காதிற் சீழ் வருவதும் இத்தொண்டையமைப்பின் பக்கவிளைவே: தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழல் சிசுவுக்குக் குட்டையாகவும் ஏறத்தாழப் படுக்கைவாட்டாகவும் இருப்பதால், பால் அங்கே எளிதில் எட்டிவிடுகிறது.

மூக்கின் கதை தனி. முதற் சில மாதங்களில் குழந்தை மூக்கால் மூச்சுவிடவே படைக்கப்பட்டிருக்கிறது. ஓசூரின் மார்கழிக் குளிரில் மூக்கு அடைத்துக்கொண்டால், சப்பவும் மூச்சுவிடவும் ஒருங்கே முடியாமல், மார்பைப் பற்றுவதும் விடுவதும் அழுவதுமாகத் தவிக்கும். தாய் பால் போதவில்லை என்று எண்ணி மனம் சோர்வாள். மருத்துவர் கொடுக்கும் உப்புநீர்ச் சொட்டு இரண்டு துளி இதற்குப் போதும். நாமோ குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுகிறோம், வாயால் ஊதுகிறோம், தொண்டையில் விரலை விட்டுச் சளி எடுக்கிறோம். எண்ணெய்க்கு இருமலைத் தூண்டும் சக்தி குறைவு. ஆகையால் அது சத்தமின்றி நுரையீரலுக்கு இறங்கி, அங்கே கரையாமல் தங்கி, நாட்பட்ட நிமோனியாவை உண்டாக்குகிறது. தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இந்த எண்ணெய் நிமோனியாவைப் பற்றி 1973இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. ஐம்பது ஆண்டு கடந்தும் இவ்வட்டாரத்துத் தாய்வீடுகளில் எண்ணெய்க் கிண்ணம் குழந்தையின் மூக்குக்கருகே வருகிறது என்றால், அச்செய்தி ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது என்றுதான் கொள்ளவேண்டும். தொக்கம் எடுக்கிறேன் என்று குழந்தையின் தொண்டையில் அடைத்ததை உறிஞ்சிக் காட்டுபவர்களிடம் போவதும் இத்தகையதே. அங்கே கழியும் நாழிகை குழந்தையின் நாழிகை.

பால் குடித்த குழந்தையை மல்லாத்திப் படுக்கவைத்தால் எதிர்க்களித்துப் புரையேறிவிடும் என்று அஞ்சிக் குப்புறப் படுக்கவைக்கும் வீடுகள் உண்டு. அச்சம் இயல்பானது, ஆனால் அமைப்பு நேர்மாறாக இருக்கிறது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைவதால், கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக மேலேற வேண்டும். குப்புறக் கிடத்தினால் மூச்சுக்குழல் கீழே வந்து, பால் அதன் வாயிலேயே தேங்கும். குழந்தைகளை மல்லாத்தியே தூங்கவைக்க வேண்டும் என்று 1990களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இயக்கம் நடத்தியபின், தொட்டிலிலேயே காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் பெருமளவு குறைந்தன. பாலூட்டும்போது நிமிர்த்து, தோளில் சாய்த்து ஏப்பம் விடவை, தூங்கும்போது மல்லாத்து: இவ்வளவே. தூளியை நான் வெறுப்பவனல்லன்; ஆனால் முதல் மாதங்களில் குழந்தையின் பின்மண்டை பெரிது, கழுத்து வலுவற்றது; தொய்ந்த புடவையில் முகவாய் மார்பில் மடிந்து அழுந்தினால் மெல்லிய மூச்சுக்குழல் நெரிந்துவிடும் என்பதால், முகவாய்க்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, என் மனத்தை மிகவும் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். நாலாவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் இடையில் குழந்தையின் தொண்டை தன் முதற்பாதுகாப்பைக் கைவிடத் தொடங்குகிறது. கழுத்து நீள்கிறது, குரல்வளையும் மெல்லண்ணமும் விலகத் தொடங்குகின்றன, தானாக நடந்த சப்புதல் விரும்பிச் செய்யும் சப்புதலாக மாறுகிறது, அந்நியப் பொருளை நாக்கால் வெளியே தள்ளும் சுபாவமும் மறைகிறது. பழைய காவல் போய்ப் புதிய காவல் முழுதும் வராத காலம் அது. அந்தக் காலத்தில்தான் நம் ஆலைகளில் வேலை செய்யும் தாயின் விடுப்பும் தீர்ந்துபோகிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேற்று விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது பெரிய காரியம். ஆனால் அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டவள் திரும்பும்போது பிள்ளைக்கு நாலு மாதந்தான் ஆகியிருக்கும். ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவள் அதற்கும் முன்பே திரும்புகிறாள், அல்லது வேலையையே விட்டுவிடுகிறாள். இவ்விரண்டு காலங்களும் இப்படி ஒன்றின்மேல் ஒன்று விழுவதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் அதன் பாரம் முழுவதும், ஐந்தரை மணிப் பேருந்துக்குப் பின் வாசலில் உட்காரும் கிழவியின் மடியில் இறங்குகிறது.

சட்டம் இதை அறியாமலில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் காப்பகம் பற்றிய பிரிவிலேயே, தாய்மார் இடையிடையே வந்து குழந்தைக்குப் பாலூட்ட வசதி செய்வதைப் பற்றிப் பேசியது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம், வழக்கமான ஓய்வு நேரம் நீங்கலாக, குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை நாள்தோறும் இரண்டு பாலூட்டு இடைவேளைகளைத் தாய்க்கு உரிமையாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் அங்கே நாளைக்கு நான்கு முறை சென்றுவரலாம் என்பது 2017இல் சேர்ந்தது. 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவற்றைக் கைவிடவில்லை. சிப்காட் வந்த 1970களிலிருந்து லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்து வளர்ந்த இவ்வட்டாரம், இன்று கைப்பேசி உறுப்புகளும் மின்சார ஸ்கூட்டர்களும் செய்கிறது. அவ்வேலைக்குப் பெண்களின் விரல்களையே பெரிதும் நாடுகிறது. விரல்களை நாடும்போது அவற்றுக்குரியவளின் மார்பையும் மடியையும் மறக்கலாகாது.

குழந்தையை விடியற்காலைக் குளிரில் ஆலைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போக எந்தத் தாய் துணிவாள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆகையால் காப்பகம் ஆலையின் மதிலுக்குள்தான் இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் செய்யவில்லை. தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே, பல ஆலைகள் கூடிப் பொதுவாக நடத்தலாம். ஐந்து பேரும் பத்துப் பேரும் வேலை செய்யும் சிறு பட்டறைகள் ஓசூரில் ஏராளம். சட்டத்தின் எண்ணிக்கைக்குள் அகப்படாத அப்பட்டறைப் பெண்களின் குழந்தைகளுக்கும் அங்கே இடம் வேண்டும். பாலைப் பீய்ச்சி எடுக்கச் சுத்தமான ஓர் அறையும், அதைக் குளிர்ச்சியில் வைக்க ஒரு பெட்டியும் ஒவ்வோர் ஆலையிலும் வைப்பது, ஓர் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் செலவைவிடப் பெரிதாகாது.

ஆறு மாதத்துக்குப் பின் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, துணியில் வடித்துக் காய்ச்சும் ராகிப்பால் இப்பக்கத்துக் குழந்தைகளின் முதல் உணவு. அதைவிடச் சிறந்ததை நான் அறியேன். அபாயம் அதிலன்று, வீட்டுத் தரையில். கிருஷ்ணகிரிப் பக்கம் வீடுதோறும் புளி தட்டுகிறார்கள். கொட்டை சிதறிக் கிடக்கிறது. தவழும் குழந்தைக்கு அதுவும் நிலக்கடலையும் ஒன்றே. கடலை மூச்சுக்குழலில் ஈரத்தால் ஊதி, தன் எண்ணெயால் சுற்றிலும் புண்ணாக்கி, காற்றை அடைக்கிறது. 1897இல் ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன் ஒரு நோயாளியின் மூச்சுக்கிளைக்குள் குழல் செலுத்தி எலும்புத் துண்டொன்றை எடுத்துக் காட்டியது முதல் அதற்கு வைத்தியம் உண்டு. ஆனால் அஞ்செட்டி மலைக்கிராமத்திலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூரோ, அங்கிருந்து பெங்களூரோ, அல்லது 2022இல் திறக்கப்பட்ட போலுப்பள்ளி மருத்துவக் கல்லூரியோ போய்ச் சேரும்வரை மூச்சு காத்திருக்க வேண்டுமே.

அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது கைப்பழக்கம் ஒன்றுதான். குழந்தை பலமாக இருமினாலோ அழுதாலோ காற்று போகிறது என்று அர்த்தம். தலையில் தட்டாமல், நிமிர்த்திப் பிடித்து இரும விடவேண்டும். அழவும் இருமவும் முடியாமல் நிறம் மாறினால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையின்மேல் குப்புறத் தாங்கி, தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி, தாடையைப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. பின் மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்தம். அடைத்தது வெளிவரும்வரை மாறி மாறி இதையே செய்யவேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக் கூடாது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது. ஒருவர் இதைச் செய்யும்போதே மற்றவர் 108ஐ அழைக்கவேண்டும். குழந்தை துவண்டுவிட்டால் அவர்கள் தொலைபேசியில் சொல்வதைச் செய்யவேண்டும். ஆலைகளில் முதலுதவிப் பயிற்சி நடக்கிறது. பயிற்சிப் பொம்மையின் மார்பை அழுத்தப் பழகிய தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இவ்வூரில் இருக்கிறார்கள். அந்தப் பயிற்சியில் குழந்தைப் பொம்மை ஒன்றையும் சேர்த்து அரைமணி நேரம் நீட்டினால், அந்தக் கல்வி அன்று மாலையே ஓசூரின் எல்லா லைன் வீடுகளுக்கும் நடந்து போய்விடும். கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வீடு வரும்போது தாயிடம் மாத்திரம் பேசாமல், பால் புகட்டும் கை யாருடையதோ அவரிடம் பேசவேண்டும். தமிழில் மட்டுமல்லாமல் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும், இப்போது ஒடியாவிலும் இந்தியிலும்கூட.

அன்று நான் அவ்வாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "நாலு புள்ளைங்கள வளத்தவ நானு" என்றார் அவர். அது உண்மை, அந்த நால்வரும் நன்றாகவே இருக்கிறார்கள். "அவ்வா, நீங்க மல்லாந்து படுத்துக்கிட்டு, அழுதுக்கிட்டே காப்பி குடிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சங்கைக் கீழே வைத்தார். அடுத்த வாரம் நான் போனபோது, குழந்தை அவர் இடது கையின் மடிப்பில் நிமிர்ந்து சாய்ந்திருந்தது. அழுகை அடங்கும்வரை தோளில் போட்டு நடந்திருக்கிறார், அதனால் இடுப்பு வலிக்கிறது என்றார். சங்கின் மூக்கு உதட்டோரத்தைத் தொட்டதும் குழந்தையின் நாக்கு நுனி வெளியே வந்து, பாலைத் தொட்டு, உள்ளே போயிற்று. அவர் காத்திருந்தார். மறுபடி வந்தது. ஒரு டம்ளர் பால் தீர ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாய் ஆலையிலிருந்து திரும்ப இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது; சட்டம் அவளுக்குத் தந்த இரண்டு இடைவேளைகளைப் பற்றி அந்த வீட்டில் அதுவரை யாரும் கேள்விப்பட்டதே இல்லை.